சோறு போடும் தெய்வம், நான்கு கட்டம்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை எச்.ஆர். மேனேஜருக்கு. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அவர் லீவு போட்ட நாளில்கூட அதில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். சாப்பாட்டுப் பையை வைப்பார்கள், அவ்வளவுதான். காலையில் வேலூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏறினால் ஆம்பூருக்கு வெளியே இருக்கும் ஷூ கம்பெனிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அவர் கையில் ஒரு தமிழ் நாளிதழ் இருக்கும். முதல் பக்கத்தை அவர் படித்து நான் பார்த்ததில்லை. நேராக உள்பக்கத்துக்குப் போவார், தாளை நான்காக மடிப்பார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பார், பஸ் முழுக்கக் கேட்கும்படி தொண்டையைச் செருமுவார். அன்றைய குறுக்கெழுத்து தொடங்கிவிட்டது என்று நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு ஆர்டர்களுக்குச் சாம்பிள் அனுப்புவதும், நிறம் சரியில்லை என்று அவர்கள் திருப்பினால் மறுபடியும் அனுப்புவதும் என் வேலை. குறுக்கெழுத்து எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். பழக்கம் இருப்பதால் மரியாதையும் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனி டீயைக் குடிப்பது மாதிரிதான். மோசம் என்று தெரியும், தினமும் குடிக்கிறோம்.

இதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. குறிப்புக்குப் பக்கத்தில் எத்தனை எழுத்து என்று எண் போட்டிருக்கும். குறுக்கே போகிற சொல்லும் கீழே இறங்குகிற சொல்லும் ஓர் எழுத்தில் சந்திக்கும். அந்தச் சந்திப்புதான் நமக்குக் கிடைக்கிற ஒரே பிடி. நல்ல குறிப்பு ஒன்று ஒருநாள் வந்தது: ‘ஏறவும் இது வேண்டும், தேறவும் இது வேண்டும் (2)’. விடை, படி. வாசற்படியும் அதுதான், பரீட்சைக்கு உட்கார்ந்து படி என்பதும் அதுதான். இப்படி ஒன்று பாலாற்றில் தண்ணீர் வருகிற மாதிரி எப்போதாவது வரும். மற்ற நாளெல்லாம் மணல்.

‘காட்டு விலங்கு, திரும்பியிருக்கிறது (2)’ என்று வரும். புலியைத் திருப்பி ‘லிபு’ என்று எழுத வேண்டும். புலி ஏன் திரும்பியது என்று கேட்கக் கூடாது. புதிர் போட்டவருக்கு அந்த இடத்தில் புலி நேராக நிற்கவில்லை, அதுதான் காரணம். ‘மன்னன், தலையில்லை’ என்று வரும். ‘குதிரை, குழம்பியிருக்கிறது’ என்று வரும். குதிரை ஒன்றும் குழம்பவில்லை, குழம்பியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். கட்டத்தில் அடங்காத சொல்லின் தலையை வெட்டுவார், காலை வெட்டுவார், கலக்கி ஊற்றுவார். எங்கள் கட்டிங் பிரிவில் ஒருவன் தோலை இந்த லட்சணத்தில் வெட்டினால் அன்று சாயந்திரமே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். பத்திரிகையில் அவருக்குத் தினமும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

பெண்களைப் பற்றிய குறிப்புகளுக்கு அவரிடம் தனிச் சரக்கு இருந்தது. ‘மாமியாரின் எதிரி (5)’, மருமகள். ‘இது இருந்தால்தான் பெண்ணுக்கு அழகு (3)’, நாணம். வாரத்தில் ஒரு நாளாவது நாணம் வந்துவிடும். எச்.ஆர். மேனேஜர் அதை மட்டும் குறிப்பை முழுதாகப் படிக்கும் முன்பே எழுதிவிடுவார். எழுதிவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

பள்ளிகொண்டாவில் ஏறும் ஒரு பெண் என் பக்கத்தில் உட்காருவாள். அக்கவுண்ட்ஸ் பிரிவு. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். பி.காம். முடித்தவள். தான் கெட்டிக்காரி என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை, அதை மறைக்க வேண்டும் என்றும் அவள் நினைத்ததில்லை. வீட்டில் உருது. தமிழ் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. நான் ஒரு குறிப்பைப் படித்ததும் அதன் அர்த்தத்துக்குள் போய் மாட்டிக்கொள்வேன். அவள் போகமாட்டாள்.

“அர்த்தம் அப்புறம் பாத்துக்கலாங்க்கா. மொதல்ல எத்தினி கட்டம், கடைசில இன்னா எழுத்துன்னு பாரு” என்பாள்.

அப்படித்தான் ஒரு காலையில் அந்த வேடிக்கை நடந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமிவிட்டுப் படித்தார்:

“பெண்களிடம் தங்காதது. அஞ்சு எழுத்து. கடைசி எழுத்து ‘ம்’. யாருக்குத் தெரியும்?”

ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. விடை தெரிந்த சிரிப்பு இல்லை, பெண்களைப் பற்றி என்றதும் தானாக வருகிற சிரிப்பு.

“சம்பளம், சார்” என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

அவர் திரும்பிப் பார்த்தார். “என்னது?”

“ச, ம், ப, ள, ம். அஞ்சு கட்டம். கடைசில ‘ம்’ வருது. எங்கிட்ட தங்கினதே இல்ல சார்.”

இந்தத் தடவை பெண்கள் பக்கம் சிரித்தது. கண்ணாடியில் டிரைவரும் சிரிப்பது தெரிந்தது. மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார்.

“ரகசியம்மா. ரகசியம்தான் விடை. குறிப்புக்கு ஒரு உள்ளர்த்தம் இருக்கும். அது புரியணும்.”

“மாசா மாசம் புரியுது சார்” என்றாள்.

மறுநாள் பத்திரிகையில் விடை ‘ரகசியம்’ என்றுதான் வந்திருந்தது. அவர் அந்தப் பக்கத்தை அவளிடமே நீட்டிக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, “போட்டவரும் ஆம்பளதானே சார்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவருடைய புதிர்த் திறமை எப்படிப்பட்டது என்பது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். அவர் குறிப்பைப் படிப்பார், நாங்கள் விடை சொல்வோம், அவர் எழுதிவிட்டு “நானும் அதைத்தான் நினைச்சேன்” என்பார். ஒருவருக்கும் தெரியாததை வெற்றாக விட்டுவைத்து மறுநாள் பத்திரிகையைப் பார்த்து நிரப்புவார். நிரம்பிய கட்டத்தைக் கத்தரித்துத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தால் அதைக் காட்டி, தினமும் பத்து நிமிடத்தில் முடிப்பதாக இங்கிலீஷில் சொல்வார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தலையாட்டுவார்கள். வேலைக்கு நேர்காணலுக்கு வந்த ஒரு பையனிடம் ‘ஆறெழுத்தில் ஓர் ஆறு’ என்று கேட்டு அவன் முழித்ததை எங்களிடம் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார். அந்தக் கேள்விக்கு விடை என்ன என்று கடைசி வரை அவர் சொல்லவில்லை. தெரியாது என்பது என் கணிப்பு.

கம்பெனி ஆண்டு விழா வந்தது. வழக்கமாக மியூசிகல் சேர், கோலம், கபடி, பிறகு பிரியாணி. அந்த வருஷம் அதோடு ‘அறிவுத்திறன் போட்டி’ ஒன்றையும் சேர்த்தார் மேனேஜர். தொழிலாளர் அனைவருக்கும் ஒரு குறுக்கெழுத்து. போட்டவர் அவரே. முதல் பரிசு மிக்ஸி. அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துக் கொடுக்கும்படி என்னையும் அக்கவுண்ட்ஸ் பெண்ணையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் கருத்தைக் கேட்கத்தான் கூப்பிட்டார் என்று அவள் நினைத்தாள். பாராட்டைக் கேட்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். பத்திரிகைக்காரர் செய்கிற அத்தனை அக்கிரமத்தையும் பல வருஷமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதற்கு மேலும் சொந்தமாகக் கொஞ்சம் சேர்த்திருந்தார். ‘தொழிலாளியின் உற்ற தோழன் (6)’ என்று ஒன்று. யோசித்துப் பார்த்துவிட்டு அவரையே கேட்டேன்.

“மனிதவளம்” என்றார். அது அவருடைய துறை.

‘ஷூவின் அடிப்பாகம், திரும்பியிருக்கிறது (2)’ என்று இன்னொன்று. சோல். திருப்பினால் ‘ல்சோ’. அதே முதல் கட்டத்திலிருந்து இன்னொரு சொல் கீழே இறங்கியது.

“சார், இங்க மேலேர்ந்து கீழா ஒரு வார்த்தை ‘ல்’லுல ஆரம்பிக்குது” என்றேன். “தமிழ்ல புள்ளி வச்ச எழுத்துல வார்த்தை ஆரம்பிக்காதே சார்.”

அவர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அதுக்கென்ன, ‘கலைந்திருக்கிறது’ன்னு போட்டுடறேன்” என்று பேனாவால் எழுதிக்கொண்டார்.

கட்டத்தின் நட்டநடுவில் நான்கு வெள்ளைக் கட்டங்கள் தனியாக இருந்தன. சுற்றிலும் கறுப்பு. எந்தச் சொல்லும் அதைத் தொடவில்லை. குறிப்பு: ‘நமக்குச் சோறு போடும் தெய்வம் (4)’.

“இது என்ன சார், இதை எதுவும் குறுக்க வெட்டலையே? ஒரு எழுத்துகூடப் பிடி கிடைக்காது. யார் வேணா என்ன வேணா எழுதலாம்.”

அவர் சிரித்தார். என் அறியாமைக்காகக் காத்திருந்த சிரிப்பு. “அது முதலாளிம்மா. மு, த, லா, ளி. அவர்மேல வேற எதுவும் வந்து மோதக் கூடாதுன்னுதான் தனியா வச்சிருக்கேன். நடுவுல, கர்ப்பகிரகம் மாதிரி.”

நான் என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். எப்போதும் வாய் துடுக்காக இருப்பவள் அப்போது நிஜமாகவே கவலைப்பட்டாள்.

“சார், தெய்வம்னு மட்டும் போடாதீங்க. எங்க ஆளுங்கள்ல மனுஷங்களைப் போய் அப்பிடிச் சொன்னா தாங்கமாட்டாங்க. மொதலாளி கோவிச்சுக்குவாரு” என்றாள்.

எங்கள் முதலாளி ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் உருது, ஷெட்டில் தமிழ். வெளிநாட்டுக்காரர்களோடு முக்கியமான பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் தொழுகை நேரம் வந்தால் எழுந்து போய்விடுவார். இது மேனேஜருக்கும் தெரியும்.

“புகழ்ந்தா யாரும்மா கோவிச்சுக்குவாங்க?” என்றார். “கடவுள்னு நேராவா சொல்றேன்? ஒரு உவமை. உங்களுக்குக் குறிப்பைப் புரிஞ்சுக்கத் தெரியலை. கணக்குப் பிரிவு இல்லையா, அதான்.”

“சார், ‘கடவுள்’கூட நாலு கட்டம்தான்” என்றாள். “அதை எழுதினா இன்னா பண்ணுவீங்க?”

“எழுதமாட்டாங்க. அவங்களுக்குத் தெரியும், யார் சோறு போடறாங்கன்னு.”

வெளியே வந்ததும் அவள் விரல்விட்டு எதையோ எண்ணினாள். “அல்லாஹ்கூட நாலுதாங்க்கா” என்றாள்.

விழா அன்று காலை கேன்டீன் ஷெட்டில் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். கட்டிங், ஸ்டிச்சிங், ஷூவை அச்சில் ஏற்றும் லாஸ்டிங் என்று எல்லாப் பிரிவிலிருந்தும் வந்திருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். விழாவுக்கென்று பட்டும் பூவுமாக, புர்க்காவைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலுக்கு வந்த மாதிரி ஒரு பயத்தோடு உட்கார்ந்தார்கள். பின்னால் பெரிய தேக்சாப் பாத்திரங்களில் பிரியாணி தம்மில் இருந்தது. அந்த வாசனையில் யாருக்கு அறிவுத்திறன் வரும்? மேனேஜர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். சூப்பர்வைசர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் குனிந்து எதையோ சொல்லிவிட்டு நகர்ந்ததை நான் பார்த்தேன். அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதக் குனிந்ததையும் பார்த்தேன்.

திருத்துகிற வேலை எங்கள் இரண்டு பேருக்கும். ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். ‘தொழிலாளியின் உற்ற தோழன்’ என்ற இடத்தைக் கிட்டத்தட்ட எல்லாருமே காலியாக விட்டிருந்தார்கள். ‘ல்’லில் தொடங்குகிற சொல்லின் மேல் பலர் கோடு போட்டு அடித்திருந்தார்கள். அது ஒன்றுதான் சரியான விடை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நடுக் கட்டம் காலியாக இல்லை. ஒருவர்கூட அதை விடவில்லை.

உழைப்பு என்று எழுதியிருந்தார்கள். அதுதான் நிறைய. விவசாயி என்று எழுதியிருந்தார்கள், வயல் இருக்கிற ஊர்களிலிருந்து வருபவர்களாக இருக்க வேண்டும். கடவுள். அல்லாஹ். கேன்டீன். ஒரு லாஸ்டிங் பிரிவுக்காரர் எந்தத் தயக்கமும் இல்லாமல் பெரிய எழுத்தில் பிரியாணி என்று எழுதியிருந்தார். ஸ்டிச்சிங் பிரிவுப் பெண் ஒருத்தி முதலில் புருஷன் என்று எழுதி, அதை நன்றாக அடித்துவிட்டு, மேலே உழைப்பு என்று எழுதியிருந்தாள். எல்லாம் நான்கு கட்டம். எல்லாம் பொருந்தியது. இத்தனை வருஷம் பத்திரிகையில் நான் பார்த்த எந்தக் குறிப்புக்கும் இவ்வளவு நேர்மையான விடைகள் வந்திருக்காது.

“அக்கா, இந்த அடிச்ச ‘புருஷன்’ பாருக்கா” என்று அவள் அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதலாளி என்று எழுதியிருந்தவர்களின் தாள்களைத் தனியாக எடுத்து வைத்தோம். சின்னக் கட்டு. பெயர்களைப் பார்த்தேன். சூப்பர்வைசர்கள்.

மேடையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர் மைக்கைப் பிடித்து, மூளைக்குப் பயிற்சி, மொழிவளம், நிறுவனத்தின் வளர்ச்சி என்று பேசிக்கொண்டே போனார். சோறு ஆறுகிறது என்ற கவலை கூட்டத்தில் தெரிந்தது. நாங்கள் இருவரும் கட்டுகளோடு மேடையின் ஓரத்தில் நின்றோம்.

“இந்தப் புதிரின் மையத்தில் ஒரு சொல்லை வைத்திருக்கிறேன்” என்றார் மேனேஜர். “அது என் உள்ளத்திலிருந்து வந்த சொல்.”

முதலாளி ஆர்வமாக நிமிர்ந்தார். “படிங்க, கேப்போம்.”

“‘நமக்குச் சோறு போடும் தெய்வம்.’ நாலு எழுத்து, சார்.”

“யாரு?”

“நீங்கதான் சார்! முதலாளி!”

முன்வரிசை சூப்பர்வைசர்கள் கைதட்டினார்கள். கொஞ்சம் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஏனென்றால் முதலாளி சிரிக்கவில்லை. அவர் பாவமன்னிப்புக் கேட்பது மாதிரி இரண்டு கன்னங்களையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டார்.

“தோபா, தோபா. இன்னா சார் எழுதி வச்சிருக்கீங்க?” மைக் மேனேஜரின் கையில்தான் இருந்தது. ஆனாலும் முதலாளி சொன்னது எல்லாருக்கும் கேட்டது. “நானே அஞ்சு வேளை அவன்கிட்ட கையேந்தி நிக்கறவன். என்னைப் போய் அந்த எடத்துல வப்பாங்களா?”

“ஒரு மரியாதைக்கு, சார்… உவமையா…”

“மரியாதை பண்ண வேற வார்த்தை கெடைக்கலயா?”

மேனேஜர் மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். “நீங்கதானே திருத்தினீங்க? மத்தவங்க இன்னா எழுதினாங்க? சொல்லும்மா.”

அக்கவுண்ட்ஸ் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு முன்னால் போய், மேனேஜரின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்தார் என்று சொல்ல முடியாது, விட்டார்.

“உழைப்புன்னு எழுதியிருக்காங்க சார்” என்றாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. “விவசாயின்னு எழுதியிருக்காங்க.” அதற்குப் பின்வரிசையில் விசில். “கடவுள். அல்லாஹ்.” முதலாளி தலையை ஆட்டினார். “கேன்டீன்.” சிரிப்பு. “பிரியாணி.” ஷெட் முழுக்க அதிர்ந்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். “ஒருத்தவங்க புருஷன்னு எழுதிட்டு அடிச்சிட்டு உழைப்புன்னு எழுதியிருக்காங்க சார்.”

பெண்கள் பக்கத்தில் எழுந்த சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யார் எழுதியது என்று அவள் பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முதுகில் அடித்து அடித்துக் காட்டிக்கொடுத்தார்கள்.

“எல்லாத்துக்கும் மார்க் போடுங்க” என்றார் முதலாளி. “என்னை எழுதினவங்களுக்கு மட்டும் போடாதீங்க.”

அப்படியே செய்தோம். சூப்பர்வைசர்கள் ஆளுக்கு ஒரு மார்க் இழந்தார்கள். மிக்ஸி முந்தானையால் முகத்தை மூடிய அந்தப் பெண்ணுக்குப் போனது, மற்றக் குறிப்புகளில் அவளுக்குத்தான் நிறைய சரியாக இருந்தது. முதலாளிக்குக் கிடைத்த கைதட்டல் பிரியாணி பரிமாறும் வரைக்கும் நீண்டது. எனக்கு அவர்மேல் அப்போது ஒரு மதிப்பு வந்தது உண்மைதான். அது நீடிக்கவில்லை. அடுத்த வாரமே எல்லா லைன்களுக்கும் டார்கெட்டை ஏற்றிவிட்டார். தெய்வமாக இருக்கமாட்டேன் என்று சொன்னவர் முதலாளியாக இருக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் எல்லாரும் மேனேஜர் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தார். பேப்பரும் வந்தது. ஆனால் மடிக்கவில்லை. எழுந்து எங்களைப் பார்த்துத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அன்னிக்கு ஒரு சின்னக் குழப்பம் ஆயிடுச்சு. அந்தக் குறிப்புக்கு நான் வச்சிருந்த விடையே ‘கடவுள்’தான். முதலாளிதான் தன்னைச் சொல்றதா நினைச்சுட்டார். பெரிய இடம், நாம திருத்த முடியுமா?”

ஒரு சூப்பர்வைசர், “ஆமா சார், எனக்கும் மொதல்ல கடவுள்னுதான் தோணுச்சு” என்றார். முதலாளி என்று எழுதி மார்க் போனவர் அவர். இன்னொருவரும் ஆமா என்றார். அப்புறம் வரிசையாக எல்லாரும் ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள். இரண்டு நாளைக்கு முன்பு ‘நீங்கதான் சார்’ என்ற சத்தத்தை மைக்கில் கேட்டவர்கள் அத்தனை பேரும். எனக்கு மேனேஜரைவிட இந்தத் தலைகள்மேல்தான் கோபம் வந்தது.

பள்ளிகொண்டாவில் அவள் ஏறினாள். நடந்ததை நான் மெதுவாகச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. பையை என் மடியில் வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்:

“சார், கடவுள்தான் விடைன்னா, அன்னிக்கு நீங்கதான்னு யாரைப் பாத்து சொன்னீங்க?”

டிரைவர் ஹாரனை அடித்தார், எதிரே எந்த வண்டியும் இல்லாதபோது. மேனேஜர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் முதல் பக்கத்தைப் படித்து நான் பார்த்தேன்.

அடுத்த மாதம் அவளைப் பேரணாம்பட்டுப் பக்கம் இருக்கும் சின்ன யூனிட்டுக்கு மாற்றி உத்தரவு வந்தது. அங்கே அக்கவுண்ட்ஸ் ஆள் தேவைப்படுகிறது என்று காரணம். அங்கே கணக்கு எழுத ஒரு மேஜைகூடக் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் அழுவாள் என்று சிலர் காத்திருந்தார்கள். அவள் போகவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு ராஜினாமாவை நீட்டினாள். கடைசி நாள் சாயந்திரம் பஸ்ஸில் என்னிடம், “அங்க சம்பளம் ஜாஸ்திக்கா. எச்.ஆரு லேடி. பேப்பரே படிக்காதாம்” என்றாள். பள்ளிகொண்டாவில் இறங்கி, கை காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். என்ன பேசுகிறோம் என்று என் வீட்டுக்காரருக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

கம்பெனிச் செய்திமடலில் விழாவைப் பற்றி மேனேஜர் ஒரு கட்டுரை எழுதினார். தொழிலாளர்களின் சிந்தனையைத் தூண்டப் பல விடைகள் பொருந்தும்படி திட்டமிட்டே அந்தக் குறிப்பை அமைத்ததாக அதில் எழுதியிருந்தார். கடவுள்தான் விடை என்று பஸ்ஸில் சொன்னதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. வேண்டும் என்றே மறந்தாரோ என்னவோ. படித்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அந்த மாதம் சாம்பிள் வேலை தலைக்கு மேல் இருந்தது.

சில மாதம் கழித்துப் பத்திரிகைக்காரர்கள் குறுக்கெழுத்தை நிறுத்திவிட்டார்கள். எந்த அறிவிப்பும் இல்லை. ஒருநாள் அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் இருந்தது. புலிகளையும் குதிரைகளையும் திருப்பிக்கொண்டிருந்தவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. நான் வருத்தப்படவில்லை. ஆனால் காலையில் கை மட்டும் பேனாவைத் தேடுகிறது, அது வேறு விஷயம்.

மேனேஜர் ஒரே நாள்தான் சும்மா இருந்தார். மறுநாள் அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே இறங்கி ராசிபலனைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அதே செருமல், அதே குரல். “மேஷ ராசிக்காரங்க யாரெல்லாம் இருக்கீங்க?” பஸ்ஸில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். குறுக்கெழுத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு ஒருநாளும் இருந்ததில்லை.

“உங்க ராசி என்னம்மா?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியாது சார்” என்றேன்.

“அதெப்படித் தெரியாம இருக்கும்? எல்லாருக்கும் ஒண்ணு இருக்குமே.” என் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். “உங்களைப் பார்த்தா விருச்சிகம் மாதிரி இருக்கு.”

அன்றிலிருந்து நான் விருச்சிகம். தினமும் காலையில் எனக்கென்று தனியாகப் படித்துச் சொல்கிறார். போன வாரம் தொலைதூரப் பயணம் அனுகூலம் என்றார். பஸ் அப்போது பள்ளிகொண்டா டோல்கேட்டில் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தது.